சிவப்புக்குள் என் வீடு இருக்கிறதா? மலை வரைபடங்களைப் படிக்கும் முறை

நீலகிரிக்குக் கனமழை எச்சரிக்கை வந்துவிட்டால் போதும், சிவப்பு, மஞ்சள், பச்சை பூசிய மாவட்ட நிலச்சரிவு வரைபடம் ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கும். குன்னூரிலும் கோத்தகிரியிலும் இருப்பவர்கள் அதை இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கி, தங்கள் வீடு எந்த நிறத்தில் விழுகிறது என்று தேடுவார்கள். சிவப்பில் விழுந்தால் கலக்கம், பச்சையில் விழுந்தால் நிம்மதி. இந்தக் கலக்கம், நிம்மதி இரண்டையும் தரும் தகுதி பெரும்பாலும் அந்தப் படத்துக்குக் கிடையாது.

இன்னொரு பக்கம், நிலவரைபடத் தொழில்நுட்ப வல்லுநர்களின் கருத்தரங்கு, பயிலரங்கு என்று செய்திகள் வருகின்றன. ஜி.ஐ.எஸ்., லைடார், இன்சார், உயர மாதிரி, சரிவு வாய்ப்பு என்ற சொற்கள் அவற்றில் வரிசையாக வரும், விளக்கம் வராது. அந்த அரங்குகளில் பேசப்படுவதற்கும் நம் கைப்பேசிக்கு வரும் படத்துக்கும் என்ன தொடர்பு என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

கூடுபவர்கள் யார், பேசுவது என்ன?

இத்தகைய கூட்டங்களில் பல தொழில்கள் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கும். நில அளவர், நிலவியலாளர், செயற்கைக்கோள் படங்களைப் படிப்பவர், மென்பொருள் எழுதுபவர், வனத்துறை அலுவலர் என எல்லோரும் ‘வரைபடம்’ என்று சொல்வார்கள். ஆனால் ஒவ்வொருவர் மனதிலும் இருப்பது வேறு. நில அளவருக்கு அது சர்வே கல்லும் புல எல்லையும். நிலவியலாளருக்கு அது பாறையும் அதன் மேல் கிடக்கும் மண்ணும். இவற்றை ஒன்றுசேர்க்கும் கருவிதான் ஜி.ஐ.எஸ்., அதாவது புவித் தகவல் அமைப்பு.

அதன் அடிப்படை எளிது. ஒரு மலைச்சரிவின் செங்குத்தை ஒரு டிரேசிங் தாளில் வரையுங்கள். ஓடைகளை இன்னொரு தாளில், சாலைகளை மூன்றாவதில், வீடுகளை நான்காவதில், மண்ணின் ஆழத்தை ஐந்தாவதில் வரையுங்கள். ஐந்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்தால், செங்குத்தான சரிவில் ஆழமான மண் கிடந்து, அதைச் சாலை வெட்டி, கீழே வீடுகள் இருக்கும் இடம் கண்ணில் படும். கணினி இதை ஆயிரக்கணக்கான கட்டங்களுக்குச் சில நிமிடங்களில் செய்கிறது.

தாள்கள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும் என்பதுதான் நிபந்தனை. அதுதான் சிக்கலும்கூட. 1802-இல் ஆங்கிலேய அதிகாரி வில்லியம் லாம்டன் சென்னையில் தொடங்கிய, நிலத்தை முக்கோணங்களாகப் பிரித்து அளந்த பெரு முக்கோண அளவைதான் இந்திய வரைபடங்களுக்கு எலும்புக்கூடு. பூமியின் வடிவத்துக்கு 1830-இல் நில அளவையாளர் ஜார்ஜ் எவரெஸ்ட் கணித்த அளவுகளையே நம் பழைய நில அளவைத் தாள்கள் பின்பற்றின. ஜி.பி.எஸ். பின்பற்றுவது வேறொரு கணிப்பை. நீலகிரியில் ஒரே புள்ளிக்கு இந்த இரண்டு முறைகளும் தரும் இடங்கள் நூறு மீட்டருக்கு மேல் விலகி நிற்கும். மாற்றிக் கணக்கிடாமல் பழைய தாளின் மீது புதிய புள்ளியை வைத்தால், மேட்டில் இருக்கும் வீடு ஓடைக்குள் போய் விழும்.

உயரத்திலும் இப்படி ஒரு பொறி இருக்கிறது. ஜி.பி.எஸ். கருவி நேரடியாகக் கணிக்கும் உயரம் கடல்மட்டத்திலிருந்து எடுத்ததல்ல, கணிதத்தில் வரைந்த ஒரு நீள்கோளத்திலிருந்து எடுத்தது. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் புவியீர்ப்பு மிகக் குறைவு. அதனால் தமிழ்நாட்டில் உண்மையான கடல்மட்டப் பரப்பு அந்த நீள்கோளத்துக்குச் சுமார் 90 மீட்டர் கீழே கிடக்கிறது. கடல்மட்டத்திலிருந்து 2,637 மீட்டர் உயரமான தொட்டபெட்டாவில் திருத்தம் செய்யாத கருவியைப் பிடித்தால் ஏறக்குறைய 90 மீட்டர் குறைத்தே காட்டும். கருவி பழுதில்லை, அது எங்கிருந்து அளக்கிறது என்பதுதான் வேறு.

அளவை: எல்லாக் குழப்பத்துக்கும் வேர்

வரைபடத்தின் ஓரத்தில் 1:50,000 என்று சிறிய எழுத்தில் இருக்கும். அதுதான் படத்தின் அளவை, அதாவது ஸ்கேல். பலர் அதைப் பார்ப்பதே இல்லை. படத்தில் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். படத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 50 மீட்டர் என்று அதற்குப் பொருள்.

இந்திய நில அளவைத் துறையின் நிலத்தோற்ற வரைபடங்கள் இந்த அளவையில்தான் பரவலாகக் கிடைக்கின்றன. இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம், அதாவது ஜி.எஸ்.ஐ., 2014-இல் தொடங்கிய தேசிய நிலச்சரிவு வாய்ப்பு வரைபடத் திட்டத்துக்கும் அளவை 1:50,000-தான். நாடு முழுக்க ஏறக்குறைய 4.3 லட்சம் சதுர கிலோமீட்டர் மலைப்பகுதியை ஒரே முறையில் வரைந்துவிட வேண்டும் என்பது அதன் நோக்கம். அந்த நோக்கத்துக்கு இந்த அளவை சரி. ஒரு வீட்டுக்கு அது பொருந்துமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்:

1. பத்து மீட்டர் அகலமுள்ள வீடு அந்தப் படத்தில் 0.2 மில்லிமீட்டர். கூர்மையான பென்சில் கோடே அதைவிடத் தடிமன்.

2. இருபது மீட்டர் அகலத்தில் சரிந்து, இரண்டு வீடுகளை மூடக்கூடிய மண்சரிவு 0.4 மில்லிமீட்டர்.

3. இரண்டு நிறங்கள் சந்திக்கும் கோடு ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் போனால் தரையில் 50 மீட்டர் தள்ளிப் போகிறது. ஒரு தெருவே நிறம் மாறிவிடும்.

கைப்பேசியில் விரலால் பெரிதாக்கினால் படம்தான் பெரிதாகிறது, தகவல் கூடுவதில்லை.

இத்தகைய வரைபடத்துக்கு அடித்தளம் உயர மாதிரி, அதாவது தரையைச் சதுரக் கட்டங்களாக வெட்டி ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் உயரம் எழுதிவைத்த பட்டியல். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாட்கள் ரேடாரால் அளந்து தந்த உயர மாதிரி இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. அதன் கட்டம் 30 மீட்டருக்கு 30 மீட்டர், அதாவது 900 சதுர மீட்டர். நம் கணக்கில் ஏறக்குறைய 22 சென்ட். ஐந்து சென்ட் மனையில் சரிவை வெட்டிச் சமன் செய்து, பின்னால் நான்கு மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக மண்ணை நிற்கவிட்டு வீடு கட்டியிருக்கிறார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். 22 சென்ட் கட்டத்துக்கு ஒரே உயரம் எழுதும்போது அந்த வெட்டு காணாமலே போகும். மழை நாளில் அவருடைய வீட்டுக்கு மிகப் பெரிய ஆபத்தோ அந்த வெட்டுதான். பொக்லைன் இயந்திரம் ஒரு பகலில் செய்ததைச் செயற்கைக்கோள் வரைபடம் அறியாது. இந்த ஒரு காரணத்துக்காகவே, வரைபடத்தில் பச்சை இருக்கிறதே என்று கட்டட அனுமதிக்கு வாதாடுவதை ஏற்க முடியாது.

மலையில் மட்டும் வரும் தொல்லைகள்

சமவெளியில் எளிதாக நடக்கும் வேலை மலையில் ஏன் தடுமாறுகிறது? மூன்று காரணங்கள்.

முதலாவது, சரிவு. வரைபடம் எப்போதும் மேலிருந்து நேராகப் பார்த்த கிடைப்பரப்பு. 30 பாகைச் சரிவில் டேப்பைத் தரையோடு படிய வைத்து 100 மீட்டர் அளந்தால், அது படத்தில் 86.6 மீட்டர்தான். பட்டாவில் ஓர் ஏக்கர் என்று இருக்கும் அந்தச் சரிவில் உண்மையில் மிதித்து நடக்கும் மண்பரப்பு 1.15 ஏக்கர் வரும். தேயிலைத் தோட்டத்தில் நட்ட செடிக் கணக்கும் பட்டாவின் பரப்பும் ஒத்துப்போகவில்லை என்ற தகராறில், யாரும் ஏமாற்றாமலே இந்த 15 விழுக்காடு ஒளிந்திருக்கலாம். நில அளவர் சங்கிலியைக் கிடைமட்டமாகத் தூக்கிப் பிடித்துப் படிப்படியாக இறங்கி அளப்பது இதற்காகத்தான்.

இரண்டாவது, மரம். மேலிருந்து அளக்கும் பல கருவிகள் இலைக்கூரையைத் தரையாக எடுத்துக்கொள்கின்றன. சோலையின் ஓரத்தில் 20 மீட்டர் உயரத்துக்கு மரங்கள் முடிந்து புல்வெளி தொடங்கினால், அங்கே ஒரு செங்குத்துப் பாறை இருப்பதாகக் கணினி நினைத்துக்கொள்ளும். லைடார் இங்கேதான் உதவுகிறது. விமானத்திலிருந்தோ ட்ரோனிலிருந்தோ நொடிக்கு லட்சக்கணக்கில் லேசர் துடிப்புகளை அனுப்பினால், பெரும்பாலானவை இலையில் பட்டுத் திரும்பும், சில இலை இடுக்கு வழியே மண்ணைத் தொட்டுத் திரும்பும். கடைசியாகத் திரும்பியவற்றை மட்டும் பிரித்தெடுத்தால், மரங்களை உரித்துவிட்டுத் தரையைப் பார்த்ததுபோல் இருக்கும். காட்டுக்குள் மறைந்து கிடக்கும் பழைய நிலச்சரிவுத் தழும்புகள் வெளியே தெரியும். ஒருமுறை சரிந்த இடம் மீண்டும் சரியக்கூடும் என்பதால் அந்தத் தழும்புகள் பொன்போன்ற தகவல்.

மூன்றாவது, மேகம். எந்த நாட்களில் மலையைப் பார்க்க வேண்டுமோ அந்த நாட்களில்தான் அது மூடிக்கிடக்கிறது. சாதாரணச் செயற்கைக்கோள் படத்தில் அப்போது வெள்ளைதான் தெரியும். ரேடார் அலைகள் மேகத்தைத் துளைத்துச் செல்லும். ஒரே இடத்தை இரண்டு முறை ரேடாரால் பார்த்து, திரும்பிவந்த அலையின் ஏற்ற இறக்க நிலையில் உள்ள வேறுபாட்டைக் கணக்கிடும் முறைக்கு இன்சார் என்று பெயர். தரை சில மில்லிமீட்டர், சென்டிமீட்டர் நகர்ந்திருந்தாலும் இது காட்டிக்கொடுக்கும். 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட, நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து உருவாக்கிய நிசார் செயற்கைக்கோள், 12 நாட்களுக்கு ஒருமுறை அதே இடத்துக்குத் திரும்பிவரும். அதன் ஒரு ரேடாரின் அலைநீளம் 24 சென்டிமீட்டர். நீண்ட அலை என்பதால் இலைகளைக் கடந்து செல்லும் ஆற்றல் அதற்கு அதிகம். ஆனால் மெல்ல மெல்ல ஊர்ந்து இறங்கும் சரிவுகளையே இம்முறை முன்கூட்டிக் காட்டும். ஒரே இரவு மழையில் ஊறி ஒரே நிமிடத்தில் கழன்று விழும் மேல்மண்ணுக்கு 12 நாள் இடைவெளி பயன்படாது. நீலகிரியில் பாறையின் மேல் பல மீட்டர் ஆழத்துக்கு மக்கிய மண் கிடக்கிறது. மழைநீர் இறங்கி மண்துகள்களுக்கு நடுவே அழுத்தம் கூடும்போது மண்ணின் பிடிப்பு தளர்கிறது. இங்கே மழைக்காலத்தில் அஞ்ச வேண்டியது இந்த வகைச் சரிவைத்தான்.

மூன்று சொற்கள், மூன்று பொருள்கள்

செய்திகளில் எல்லாவற்றுக்கும் ‘அபாயம்’ என்ற ஒரே சொல்தான் வருகிறது. வல்லுநர்கள் மூன்று சொற்களைப் பிரித்தே பயன்படுத்துகிறார்கள்.

1. வாய்ப்பு: சரிவின் செங்குத்து, பாறை, மண்ணின் ஆழம், நிலப் பயன்பாடு ஆகியவற்றை வைத்துப் பார்த்தால் இந்த இடம் சரியக்கூடிய தன்மை உள்ளதா? எப்போது சரியும் என்பதற்கு இதில் விடை இல்லை. ஜி.எஸ்.ஐ. வரைபடத்தில் அதிகம், நடுத்தரம், குறைவு என்று மூன்று நிலைகளில் வருவது இதுதான்.

2. ஆபத்து: எவ்வளவு மழை பெய்தால், எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை, எவ்வளவு பெரிய சரிவு வரும்? இங்கே காலம் உள்ளே வருகிறது.

3. இடர்: அப்படி வந்தால் யார் இறப்பார்கள், எது இடியும்? இங்கே மனிதர்கள் உள்ளே வருகிறார்கள்.

நீலகிரியே இதற்குச் சான்று. 2009 நவம்பரில், வடகிழக்குப் பருவமழையில், கேத்தியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. மாவட்டத்தில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில், தென்மேற்குப் பருவமழையில், அவலாஞ்சியில் ஒரே நாளில் 900 மில்லிமீட்டரைத் தாண்டியது. மழை அதைவிடப் பெரிது, ஆனால் உயிரிழப்பு 2009-இன் அளவை எட்டவில்லை. அவலாஞ்சியைச் சுற்றி இருப்பவை சோலையும் புல்வெளியும் நீர்த்தேக்கங்களும். கேத்தி, குன்னூர் பக்கம் மலைச்சரிவெங்கும் வீடுகள். வாய்ப்பு வரைபடம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இந்த வேறுபாட்டை அது சொல்லாது.

வாய்ப்பு வரைபடத்தின் இன்னொரு குறையை 2024 ஜூலை 30 அன்று பக்கத்து வயநாடு காட்டியது. நீலகிரியின் எல்லையோரப் பந்தலூர்க்காரர்களுக்கு அது அடுத்த ஊர்ச் செய்தி. ஏறக்குறைய 1,550 மீட்டர் உயரத்தில், 86,000 சதுர மீட்டர் பரப்பில், அதாவது சுமார் 21 ஏக்கரில் மலை கழன்றது. அந்தச் சேறும் பாறையும் ஆற்றுவழியே ஏறக்குறைய 8 கிலோமீட்டர் ஓடி முண்டக்கையையும் சூரல்மலையையும் அழித்தன. இந்த வகை வரைபடம் முக்கியமாகக் குறிப்பது சரிவு தொடங்கக்கூடிய இடத்தைத்தான். அது ஓடிவந்து சேரும் பாதையைக் குறிக்கத் தனியாக ஒரு கணிப்பு வேண்டும். ஆற்றங்கரைத் தட்டை நிலத்தில் இருக்கும் வீடு பச்சையில் விழலாம். மேலே எங்கோ சிவப்பில் கழலும் மலைக்குக் கீழ்வழி அந்த வீட்டைத் தாண்டித்தான் போகும். எனவே நம் வீட்டின் நிறத்தைப் பார்ப்பதைவிட, நம் ஓடை எங்கே தொடங்குகிறது என்று மேலே தேடிப் பார்ப்பது பயனுள்ளது.

எச்சரிக்கை எப்படி வருகிறது?

வாய்ப்பு வரைபடம் அசையாதது. அதனோடு மழையைச் சேர்த்தால்தான் முன்னறிவிப்பு பிறக்கும். பிரிட்டிஷ் புவியியல் ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து ஜி.எஸ்.ஐ. நடத்திய லேண்ட்ஸ்லிப் ஆய்வுத் திட்டத்துக்கு இந்தியாவில் தேர்ந்தெடுத்த சோதனைக் களங்கள் இரண்டு: டார்ஜிலிங், நீலகிரி. 2020-ஆம் ஆண்டிலிருந்து பருவமழைக் காலங்களில் சோதனை முறையில் அறிக்கைகள் வெளிவந்தன. 2024 ஜூலையில் கொல்கத்தாவில் தேசிய நிலச்சரிவு முன்னறிவிப்பு மையம் தொடங்கியபோது, முறையான அன்றாட அறிவிப்பு முதலில் கிடைத்த மூன்று மாவட்டங்களில் நீலகிரியும் ஒன்று. மற்ற இரண்டும் டார்ஜிலிங்கும் காலிம்போங்கும்.

முன்பு எந்தெந்த நாளில் சரிவு நடந்தது, அன்றும் அதற்கு முந்தைய நாட்களிலும் எவ்வளவு மழை பெய்திருந்தது என்று தொகுத்து, ‘இந்த அளவைத் தாண்டினால் சரியும்’ என்று ஒரு வரம்பைக் கணிப்பதுதான் இதன் அடிப்படை. முந்தைய நாட்களின் மழை மிக முக்கியம். காய்ந்த மண்ணில் பெய்யும் 100 மில்லிமீட்டரும், நான்கு நாள் ஊறிய மண்ணில் பெய்யும் 100 மில்லிமீட்டரும் ஒன்றல்ல. அறிவிப்பு ஒரு பரந்த பகுதிக்கு வரும், தனித்தனி வீட்டுக்கு வராது. மழை முன்கணிப்பு தவறினால் இதுவும் தவறும்.

கோடு போடுபவர் கையில் இருக்கும் அதிகாரம்

வரைபடம் அறிவியலோடு நின்றுவிடுவதில்லை, சட்டத்துக்குள்ளும் போகிறது. நீலகிரி மாவட்டத்தின் சீகூர் பீடபூமியில் உள்ள யானை வழித்தடம் பற்றி 2010-இல் மாநில அரசு வெளியிட்ட அறிவிக்கையை உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபர் 14 அன்று உறுதி செய்தது. அந்த வழக்கில் நெடுக இருந்த தகராறுகளில் ஒன்று, தடம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எந்தெந்த சர்வே எண்கள் அதற்குள் வருகின்றன என்பது. யானைக்கும் வாழ வழி வேண்டும், அங்கே குடியிருப்பவருக்கும் தன் நிலம் கோட்டின் எந்தப் பக்கம் என்று தெளிவாகத் தெரிய வேண்டும். சிறிய அளவையில் வரைந்த தடித்த கோட்டைப் புலப்படத்தின், அதாவது ஒவ்வொரு சர்வே எண்ணின் எல்லையையும் காட்டும் படத்தின் மீது இறக்கினால் அந்தத் தெளிவு கிடைக்காது.

தரவு யாரிடம் இருக்கலாம் என்ற விதியும் மாறியிருக்கிறது. 2021 பிப்ரவரி 15 அன்று மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்களுக்குப் பிறகு, இந்திய நிறுவனங்கள் முன்னனுமதி பெறாமலே வரைபடத் தரவைத் திரட்டலாம், வெளியிடலாம். 2022-இன் தேசிய புவிசார் கொள்கை, 2030-க்குள் மலைப்பகுதிகளுக்கு 1 முதல் 3 மீட்டர் துல்லியத்தில் உயர மாதிரி வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறது. 30 மீட்டர் கட்டத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய பாய்ச்சல். அந்த உயர மாதிரி மலை மாவட்ட ஊராட்சிகளின் கைக்கும் வந்து சேர வேண்டும். பெருநகர அலுவலகக் கணினிகளோடு நின்றுவிட்டால் மலைக்காரருக்கு அதனால் பயனில்லை.

கூட்டம் நடந்தால் கேட்க வேண்டியவை

வல்லுநர்கள் தங்கள் மலையைப் பற்றிப் பேசும் அரங்கில் உள்ளூர்க்காரர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் இவை:

1. இந்த வரைபடத்தின் அளவை என்ன? எந்தக் கேள்விக்கு விடை சொல்வதற்காக இதை வரைந்தீர்கள்?

2. இதில் பயன்படுத்திய படங்களும் உயர மாதிரியும் எந்த ஆண்டுடையவை? அதற்குப் பிறகு வெட்டிய சாலைகள் இதில் உண்டா?

3. தரையில் நடந்து சரிபார்த்தீர்களா? எங்கே?

4. பழைய சரிவுகளின் பட்டியலை யாரிடம் கேட்டுத் தொகுத்தீர்கள்?

நான்காவது கேள்வியே எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. எந்த வாய்ப்பு வரைபடமும் நடந்த சரிவுகளிலிருந்துதான் கற்றுக்கொள்கிறது. செய்தியில் வருவது சாலையை அடைத்த சரிவும் உயிரைப் பறித்த சரிவும் மட்டுமே. தேயிலைக்கு நடுவே நான்கு வரிசைச் செடியை இழுத்துப்போன சரிவு எந்தப் பட்டியலிலும் இருக்காது. அட்டியில், அதாவது படகர் ஊரில் வாழும் முதியவருக்கு அது எந்த ஆண்டு, எந்த ஓடைக்கு மேலே என்று தெரியும். அவலாஞ்சி என்ற பெயரே, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே நிகழ்ந்த பெரும் மலைச்சரிவைப் பார்த்து ஆங்கிலேயர் வைத்ததாகச் சொல்லப்படுகிறது. ஊர்ப்பெயராக நின்றுபோன நிலச்சரிவுப் பதிவு அது.

இன்று பதிவு செய்வது எளிது. கைப்பேசியில் இடக்குறியீட்டை இயக்கிவிட்டு, மழை விட்ட பிறகு, சரிந்த மண்ணின் மீதோ நேர் கீழேயோ நிற்காமல் தள்ளி நின்று, அளவு தெரிவதற்கு ஒரு மரமோ மின்கம்பமோ படத்துக்குள் வருமாறு இரண்டு படங்கள் எடுத்தால் போதும். திறந்த வானத்தின் கீழ் கைப்பேசி ஏறக்குறைய 5 மீட்டர் துல்லியத்தில் இடத்தைச் சொல்லும், பள்ளத்தாக்கிலும் மரத்தடியிலும் பிழை கூடும். நாளோடு நேரத்தையும் எழுதிவைக்க வேண்டும். காலையா, நள்ளிரவா என்பதை வைத்துத்தான் அதுவரை பெய்த மழையைக் கணக்கிட முடியும். ஜி.எஸ்.ஐ.-யின் பூஸ்கலன் செயலி இத்தகைய தகவலுக்காகவே வந்தது.

மழையின் அளவு? அதற்கும் ஊரிலேயே வழி இருக்கிறது. நீலகிரியின் தேயிலைத் தோட்டங்கள் பலவற்றில் காலையில் மழைமானியைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதும் வழக்கம் பல தலைமுறைகளாக உண்டு. ஒரு பள்ளத்தாக்கில் கொட்டி அடுத்த பள்ளத்தாக்கில் தூறும் மலையில், மாவட்டத்தில் ஆங்காங்கே இருக்கும் அரசு மழைமானிகள் பிடிக்காததை அந்தப் பதிவேடுகள் பிடித்துவைத்திருக்கும். அவற்றின் பக்கங்களைப் படமெடுத்து, கணினியில் ஏற்றி, சரிவு நடந்த நாட்களோடு பொருத்தும் வேலைக்குச் செயற்கைக்கோள் எதுவும் தேவையில்லை. மலையில் நடக்கும் அடுத்த பயிலரங்கின் முதல் அமர்வை அதற்கே ஒதுக்கலாம்.